வாக்காளர் இடாப்பில் ஏறியவர்களும் இறக்கப்பட்டவர்களும்
(இலங்கையில் வாக்குரிமையின் வரலாறு குறித்த அறக்கட்டளைச் சொற்பொழிவின் அச்சு வடிவம்)

இலங்கைப் பாடப்புத்தகங்கள் பெருமையோடு சொல்லும் ஆண்டுகளில் ஒன்று 1931. அந்த ஆண்டு ஜூன் மாதம் நடந்த அரசாங்க சபைத் தேர்தலில் 21 வயது நிறைந்த ஆணும் பெண்ணும், படித்தவரும் படிக்காதவரும், காணி உள்ளவரும் இல்லாதவரும் வரிசையில் நின்று வாக்களித்தார்கள். ஆசியாவில் சர்வசன வாக்குரிமையை முதலில் கண்ட நாடு என்ற பெயர் இலங்கைக்கு அப்படித்தான் கிடைத்தது. பிரிட்டிஷ் பெண்கள் ஆண்களுக்குச் சமமாக 21 வயதில் வாக்குப் பெற்று அப்போது மூன்று ஆண்டுகளே ஆகியிருந்தன. பிரான்ஸின் பெண்கள் 1945 வரை காத்திருந்தார்கள். இந்தியாவில் வயதுவந்த அனைவரும் வாக்களித்த முதல் பொதுத்தேர்தல் 1951-52இல்தான் நடந்தது.

பெருமைப்படத் தக்க வரலாறுதான். ஆனால் பாடப்புத்தகம் 1931இலேயே நின்றுவிடுகிறது. அதற்குப் பதினெட்டு ஆண்டுகள் கழித்து, சுதந்திரம் பெற்ற அதே நாட்டின் பாராளுமன்றம், ஏறத்தாழ எட்டு லட்சம் பேர் கொண்ட ஒரு சமூகத்தை வாக்காளர் இடாப்பிலிருந்து சட்டம் போட்டு இறக்கியது. மலையகத் தோட்டங்களில் தேயிலையும் ரப்பரும் வளர்த்த, இந்திய வழியினரான தமிழ்த் தொழிலாளர்கள் அவர்கள். அவர்களில் இலங்கையில் எஞ்சியிருந்தவர்கள் அனைவரும் மீண்டும் குடியுரிமைக்குத் தகுதி பெற 2003 ஆக வேண்டியிருந்தது. வாக்குரிமை விரிந்த கதையையும் சுருங்கிய கதையையும் சேர்த்துப் படித்தால்தான் 1931இன் உண்மையான அளவு தெரியும்.

கதை 1911இல் தொடங்குகிறது. அதுவரை சட்டசபையில் இருந்த இலங்கையர் எல்லோரும் ஆளுநர் நியமித்தவர்கள். அந்த ஆண்டு, 'படித்த இலங்கையர்' என்ற வகுப்புக்கு ஒரேயொரு தொகுதி ஒதுக்கப்பட்டது. ஆங்கிலக் கல்வியும் சொத்தோ வருமானமோ உள்ள ஆண்களுக்கு மட்டுமே வாக்கு. தீவு முழுவதும் தேடியும் வாக்காளர் மூவாயிரத்தை எட்டவில்லை. சேர். பொன்னம்பலம் இராமநாதனும் டாக்டர் மார்கஸ் பெர்னாண்டோவும் போட்டியிட்டார்கள்; இராமநாதன் வென்றார். சிங்கள வாக்காளரில் ஒரு பகுதியினர் தமிழரான இராமநாதனை ஆதரித்தார்கள் என்பதை இன ஒற்றுமைக்குச் சான்றாகச் சொல்வது வழக்கம். கராவ சாதியைச் சேர்ந்த பெர்னாண்டோ வென்றுவிடக் கூடாது என்று கொவிகம சாதியினர் பலர் நினைத்தார்கள் என்பதையும் கூடவே சொல்ல வேண்டும். அந்த மூவாயிரம் பேருக்குள்ளும் சாதி ஓடியது.

1924இல் தொகுதிகள் கூடின, வாக்காளரும் சுமார் இரண்டு லட்சம் ஆனார்கள். மக்கள்தொகையில் நூற்றுக்கு நான்கு பேர். இந்த நான்கு பேரின் சார்பில்தான் இலங்கைத் தேசிய காங்கிரஸ் சுயாட்சி கேட்டுக்கொண்டிருந்தது.

1927 நவம்பரில் டொனமூர் பிரபுவின் தலைமையில் ஓர் ஆணைக்குழு கொழும்பு வந்து இறங்கியது. அதே மாதம் மகாத்மா காந்தியும் இலங்கையில் சுற்றுப்பயணம் செய்துகொண்டிருந்தார். ஆணைக்குழுவின் முன் சாட்சி சொன்னவர்களில் பெரும்பாலோர் கேட்டது அதிகாரம். வாக்குரிமை பற்றி அவர்கள் அவ்வளவாகக் கவலைப்படவில்லை. சொத்தும் வருமானமும் பார்த்துத் தரும் வாக்கே போதும் என்பது காங்கிரஸின் நிலை. எல்லோருக்கும் வாக்கு வேண்டும் என்று உரத்துக் கேட்டவர் தொழிற்சங்கத் தலைவர் ஏ. ஈ. குணசிங்க. 1923இல் கொழும்பில் பொது வேலைநிறுத்தம் நடத்திய அவருக்கு, சொத்தில்லாதவனுக்கு வாக்கு எதற்குத் தேவை என்பது தெரிந்திருந்தது.

இன்னொரு குரல் பெண்களுடையது. 1927 டிசம்பரில் கொழும்பில் பெண்கள் வாக்குரிமைச் சங்கம் தொடங்கப்பட்டது. சிங்களர், தமிழர், பறங்கியர் எனப் பல சமூகத்துப் பெண்கள் அதில் இருந்தார்கள். சங்கத்தின் தூதுக்குழு ஆணைக்குழுவின் முன் போய் நின்றபோது, தோட்டங்களில் கொழுந்து பறிக்கும் இந்தியத் தமிழ்ப் பெண்களுக்கும் வாக்குக் கேட்கிறீர்களா என்று ஒரு கேள்வி வந்தது. தூதுக்குழுவின் சார்பில் பேசிய ஆக்னஸ் டி சில்வா தயங்கவில்லை. அவர்களும் பெண்கள்தானே, எல்லாப் பெண்களுக்கும் கேட்கிறோம் என்ற பொருளில் பதில் சொன்னார். வசதியான குடும்பத்துப் பெண்மணி. தனக்கும் தன் வகுப்புக்கும் மட்டும் கேட்டு வாங்கிக்கொண்டு போயிருக்கலாம், பெரிய எதிர்ப்பும் வந்திருக்காது. இலங்கையின் வாக்குரிமை வரலாற்றில் யாரும் சொன்ன மிக நேர்மையான பதில் அதுதான்.

எதிர்த்தவர்களில் முதன்மையானவர் 1911இன் நாயகர் இராமநாதன். தாழ்த்தப்பட்ட சாதியினருக்கும் பெண்களுக்கும் வாக்குக் கொடுப்பது கும்பலின் ஆட்சியில் கொண்டுபோய் விடும் என்று அவர் வாதாடினார். தமிழருக்காகச் சட்டசபையில் அவர் ஆற்றிய பணிகளை நினைவுகூரும் எவரும் இந்த வாதத்தை மறைத்துவிட்டுப் பேசுவது முறையாகாது. யாழ்ப்பாணத்தில் பள்ளிக்கூடத்தில் சமமாக உட்காரவும் கோயிலுக்குள் நுழையவும் உரிமை இல்லாதிருந்த மக்களுக்குச் சம வாக்கைக் கொடுத்தது ஒரு வெளிநாட்டு ஆணைக்குழு. தடுக்கப் பார்த்தது உள்ளூர்த் தலைமை.

ஆணைக்குழுவின் வாதம் எளிமையானது. நூற்றுக்கு நான்கு பேர் மட்டும் தேர்ந்தெடுக்கும் சபைக்கு அதிகாரத்தைக் கொடுத்தால், அது ஒரு சிறு கூட்டத்தின் கையில் நாட்டை ஒப்படைப்பதாகும். வேலையில் கைகால் இழந்த தொழிலாளிக்கு நட்டஈடு தரும் சட்டம்கூட அப்போது இலங்கையில் இல்லை. ஏழைகளுக்கு வாக்கு இல்லாததால்தான் அவர்களுக்கான சட்டமும் இல்லை என்று ஆணைக்குழு கருதியது. 21 வயது ஆண்களுக்கும் 30 வயது பெண்களுக்கும் வாக்கு என்று 1928இல் பரிந்துரைத்தது. பிரிட்டனிலேயே பெண்களின் வயது 21 ஆகக் குறைந்ததும், இலங்கையிலும் அதுவே முடிவானது.

இந்த எதிர்பார்ப்பு பொய்க்கவில்லை. 1934இல் தொழிலாளர் நட்டஈட்டுச் சட்டம் வந்தது, 1939இல் மகப்பேற்று நன்மைச் சட்டம் வந்தது, 1945இல் சி. டபிள்யூ. டபிள்யூ. கன்னங்கரா கொண்டுவந்த இலவசக் கல்வி நடைமுறையானது. வாக்குக் கேட்டு ஒவ்வொரு கிராமத்துக்கும் போக வேண்டியிருந்ததால், பள்ளிக்கூடமும் ஆஸ்பத்திரியும் கிராமத்துக்குப் போயின.

ஆனால் தோட்டத் தொழிலாளர் விஷயத்தில் ஆணைக்குழு சொன்னது அப்படியே நிறைவேறவில்லை. ஐந்து ஆண்டுகள் இலங்கையில் வாழ்ந்த எவருக்கும் வாக்கு என்பதுதான் முதல் பரிந்துரை. டி. எஸ். சேனநாயக்க உள்ளிட்ட சிங்களத் தலைவர்கள் இதை எதிர்த்தார்கள். மலைநாட்டுத் தொகுதிகளில் கண்டிச் சிங்களவரைத் தோட்டத் தொழிலாளர் மூழ்கடித்துவிடுவார்கள் என்றார்கள். ஆளுநர் ஸ்டான்லி ஒரு சமரசம் சொன்னார்: இலங்கையையே நிரந்தர வாழ்விடமாகக் கொண்டவர் என்று காட்டுபவருக்கு வாக்கு, இல்லாவிட்டால் படிப்பும் சொத்தும் காட்ட வேண்டும், அதுவும் இல்லாவிட்டால் நிரந்தரக் குடியிருப்புச் சான்றிதழ் பெற வேண்டும். இந்தத் திருத்தத்தோடு 1929 டிசம்பரில் சட்டசபையில் திட்டம் வாக்கெடுப்புக்கு வந்தது. 19 பேர் ஆதரவு, 17 பேர் எதிர்ப்பு. இரண்டே வாக்கு வித்தியாசம். இனவாரிப் பிரதிநிதித்துவத்தை டொனமூர் ஒழித்துவிட்டதால் சிறுபான்மை உறுப்பினர்களில் பெரும்பாலோர் எதிர்த்தே வாக்களித்தார்கள்.

பின்னால் நடந்த எல்லாவற்றுக்கும் விதை இங்கேதான் விழுந்தது. கிராமத்துச் சிங்களவரும் யாழ்ப்பாணத் தமிழரும் இருக்கிற இடத்திலேயே வாக்காளர் ஆனார்கள். தோட்டத் தமிழர் மட்டும் இந்த நாட்டில்தான் வாழப்போகிறோம் என்பதை ஓர் அதிகாரிக்கு நிரூபித்து வாக்காளராக வேண்டியிருந்தது.

1931 தேர்தலில் வாக்காளர் தொகை சுமார் 15 லட்சமாக உயர்ந்தது. யாழ்ப்பாணக் குடாநாட்டின் நான்கு தொகுதிகளில் வேட்புமனுவே தாக்கலாகவில்லை. டொனமூர் திட்டம் முழுச் சுயராச்சியம் தரவில்லை என்று யாழ்ப்பாண வாலிபர் காங்கிரஸ் பகிஷ்கரிப்புக்கு அழைத்திருந்தது. அந்த இடங்கள் 1934 வரை காலியாகக் கிடந்தன. பெண்களில் முதலாவதாக அடலின் மொலமுறே 1931 நவம்பரில் ருவன்வெல்ல இடைத்தேர்தலில் வென்றார். அடுத்த ஆண்டு கொழும்பு வடக்கில் வென்றவர் நேசம் சரவணமுத்து, தமிழ்ப் பெண். 1936இலும் மக்கள் அவரையே திரும்ப அனுப்பினார்கள்.

தோட்டப் பகுதிகளில் பதிவான இந்திய வாக்காளர் சுமார் ஒரு லட்சம். அட்டனில் பெரி. சுந்தரம் சபைக்குத் தேர்வாகித் தொழில், கைத்தொழில், வர்த்தக அமைச்சராகவே ஆனார். 1936இல் அதே அட்டனில் தஞ்சாவூர்க்காரரான கோ. நடேசய்யர் வென்றார். தோட்டம் என்பது துரைமாரின் தனியார் நிலம். வெளியார் யாரும் அனுமதி இல்லாமல் லயம் என்ற தொழிலாளர் குடியிருப்பின் பக்கம் தலைகாட்ட முடியாது. புடவை வியாபாரி வேடத்தில் தோட்டத்துக்குள் புகுந்து தொழிலாளரின் நிலையைப் பார்த்து எழுதியவர் நடேசய்யர். அவர் மனைவி மீனாட்சியம்மை பாட்டுகள் எழுதிக் கூட்டங்களில் பாடினார். கங்காணி என்ற மேற்பார்வையாளரின் கடனுக்கும், காலையில் ஆள் கணக்கெடுக்கும் பிரட்டுக்கும் கட்டுப்பட்டிருந்த ஒருவரிடம் போய், கங்காணிக்கும் உங்களுக்கும் வாக்கு ஒன்றுதான் என்று சொல்வது அந்தக் காலத்தில் சாதாரணமான பேச்சல்ல.

1939இல் இந்திய வாக்காளர் சுமார் 2,25,000 ஆனார்கள். உடனே எதிர்ப்பும் வலுத்தது. உலகப் பொருளாதார மந்தத்தில் வேலை இல்லாத் திண்டாட்டம் வந்தபோது, எல்லோருக்கும் வாக்குக் கேட்ட அதே குணசிங்க இந்தியத் தொழிலாளருக்கு எதிராகத் திரும்பியிருந்தார். 1940 முதல் பதிவு அதிகாரிகள் 'நிரந்தர வாழ்விடம்' என்ற விதியை இறுக்கிப் பிடித்தார்கள். 1943இல் எண்ணிக்கை சுமார் 1,68,000 ஆகக் குறைந்தது. எந்தச் சட்டமும் மாறவில்லை; பதிவேடு எழுதுகிறவரின் கை மட்டும் மாறியது.

1947இல், டொனமூர் அரசியலமைப்புக்குப் பதிலாக வந்த சோல்பரி அரசியலமைப்பின் கீழ் 95 இடங்களுக்குத் தேர்தல். நுவரெலியாவில் சௌமியமூர்த்தி தொண்டமானும், தலவாக்கலையில் கவிஞர் சி. வி. வேலுப்பிள்ளையும், வேறு மலையகத் தொகுதிகள் சிலவற்றில் இலங்கை இந்தியக் காங்கிரஸின் மற்ற வேட்பாளர்களும் வென்றார்கள். இந்திய வேட்பாளர் நிற்காத தொகுதிகள் பலவற்றில் தோட்ட வாக்குகள் இடதுசாரிகளுக்கு விழுந்தன. ஆட்சி அமைத்த டி. எஸ். சேனநாயக்கவுக்கு இரண்டு அச்சங்களும் ஒரே இடத்தில் சந்தித்தன. ஒன்று இனம் பற்றியது, மற்றது வர்க்கம் பற்றியது.

சுதந்திரத்தின் முதல் ஆண்டிலேயே 1948ஆம் ஆண்டின் 18ஆம் இலக்கக் குடியுரிமைச் சட்டம் வந்தது. இலங்கையில் பிறந்திருந்தால் மட்டும் போதாது; தந்தையும் இங்கே பிறந்தவர் என்று, அல்லது தந்தைவழிப் பாட்டனும் பூட்டனும் இங்கே பிறந்தவர்கள் என்று காட்ட வேண்டும். பிறப்புச் சான்றிதழ் என்பதையே காணாத லயத்து மனிதர் எந்தக் கந்தோரில் போய்ப் பூட்டனின் பிறப்பைத் தேடுவார்? இந்தச் சட்டத்தைப் பார்த்தால் தேர்தலைப் பற்றி ஒரு சொல்லும் இல்லை. 1949இல் 3ஆம் இலக்கச் சட்டம் இந்திய, பாகிஸ்தானியருக்குப் பதிவின் மூலம் குடியுரிமை பெற ஒரு வழியைத் திறந்தது. அதே ஆண்டின் 48ஆம் இலக்கத் தேர்தல் திருத்தச் சட்டம், குடிமக்களுக்கு மட்டுமே வாக்கு என்றது. மூன்று சட்டங்களையும் வரிசையாக வைத்துப் பார்த்தால்தான் நடந்தது புரியும்: முதலாவது குடியுரிமையைப் பறித்தது, மூன்றாவது வாக்கைப் பறித்தது.

இடதுசாரிகளான என். எம். பெரேராவின் சமசமாஜக் கட்சியினரும் கம்யூனிஸ்டுகளும் முதல் சட்டத்தைக் கடுமையாக எதிர்த்தார்கள். தமிழ்க் காங்கிரஸும் எதிர்த்தது. ஆனால் சில வாரங்களில் அதன் தலைவர் ஜி. ஜி. பொன்னம்பலம் அமைச்சரவையில் சேர்ந்தார். பதிவுச் சட்டம் வந்தபோது அவர் அரசின் பக்கம் இருந்தார். இந்தக் கேள்வியிலேயே அவரோடு முறித்துக்கொண்ட எஸ். ஜே. வி. செல்வநாயகம் 1949 டிசம்பரில் தமிழரசுக் கட்சியைத் தொடங்கினார். இன்று தோட்டத் தமிழருக்கு நேர்ந்தது நாளை வடக்குக் கிழக்குத் தமிழருக்கும் நேரும் என்று அவர் எச்சரித்தார். அந்த எச்சரிக்கை பலிக்க அதிக காலம் ஆகவில்லை.

வழக்கும் நடந்தது. ருவன்வெல்லத் தொகுதி இடாப்பில் பெயர் இடம்பெறாத கோடாகன் பிள்ளை மேன்முறையிட்டார். ஒரு சமூகத்துக்கு மட்டும் பாதகம் செய்யும் சட்டத்தைப் பாராளுமன்றம் இயற்றக் கூடாது என்று அரசியலமைப்பின் 29ஆம் பிரிவு சொல்லியிருந்தது. அதைக் காட்டி, இடாப்பைத் திருத்தும் அதிகாரி சிவஞானசுந்தரம் அவருக்குச் சார்பாகவே தீர்ப்பளித்தார். உயர் நீதிமன்றம் அதை ரத்துச் செய்தது. 1953இல், இறுதி மேன்முறையீட்டு மன்றமான லண்டன் கோமறைக் கழகமும் அரசின் பக்கமே நின்றது: யார் குடிமகன் என்று வரையறுப்பது எந்த நாட்டுக்கும் இயல்பான சட்டவேலை, அது பாகுபாடு ஆகாது என்றது. சிறுபான்மையின் காப்பரண் என்று எல்லோரும் நம்பிய பிரிவு, முதல் சோதனையிலேயே பயன்படாமல் போயிற்று.

பதிவுக்கு விண்ணப்பிக்க 1951 ஆகஸ்ட் வரை அவகாசம். மணமானவர் ஏழு ஆண்டு, மணமாகாதவர் பத்து ஆண்டு, இடைவிடாமல் இலங்கையில் இருந்திருக்க வேண்டும். மனைவியும் பிள்ளைகளும் கூடவே இருந்திருக்க வேண்டும். மனைவி திருச்சிப் பக்கம் தாய்வீட்டில் ஓராண்டுக்கு மேல் தங்கியிருந்தால் குடும்பம் முழுவதும் தகுதி இழக்கக்கூடும். சுமார் எட்டு லட்சம் பேர் சார்பில் விண்ணப்பங்கள் குவிந்தன. ஆண்டுக்கணக்கில் விசாரித்து முடித்தபோது குடியுரிமை கிடைத்தவர்கள் சுமார் 1,34,000 பேர்.

தலவாக்கலையை மட்டும் எடுத்துக்கொள்ளலாம். 1947இல் அங்கே சுமார் 19 ஆயிரம் வாக்காளர். 1952இல் மூவாயிரத்துக்கும் குறைவு. தொகுதி அதே தொகுதி, எல்லைகள் அதே எல்லைகள், மலையில் கொழுந்து பறித்தவர்களும் அதே மனிதர்கள். மக்கள்தொகைக் கணக்கில் அவர்களையும் சேர்த்து வகுக்கப்பட்ட தொகுதிகள் அவை. தேர்ந்தெடுக்கும் உரிமை மட்டும் எஞ்சிய சிலரிடம் போனது. அந்தச் சிலரின் ஒவ்வொரு வாக்கும் பல மடங்கு கனத்தது. இந்த அநீதியைக் கண்டித்து 1952இல் இலங்கை இந்தியக் காங்கிரஸ் சத்தியாக்கிரகம் நடத்தியது. மாதக்கணக்கில் நீடித்தும் அரசு அசையவில்லை.

வாக்குப் போனால் என்ன போகும் என்பதற்கு மலையகம் நேரடிச் சான்று. நாடெங்கும் இலவசக் கல்வி பரவிய காலத்தில் தோட்டப் பள்ளிகள் தோட்ட நிர்வாகத்தின் கையிலேயே விடப்பட்டன. பெரும்பாலானவற்றை அரசு பொறுப்பேற்றது 1970களில்தான். வாக்கில்லாத லயத்துக்குப் பள்ளிக்கூடம் கேட்டுச் சண்டைபோட எந்த உறுப்பினருக்கும் தேவை இருக்கவில்லை. உள்ளூராட்சியிலும் இதே கதை நீண்டது. பிரதேச சபைகள் தம் பணத்தைத் தோட்டக் குடியிருப்புகளில் தாராளமாகச் செலவிடத் தடையாக இருந்த சட்டப்பிரிவு 2018இல்தான் திருத்தப்பட்டது. இதற்கிடையே, 1959இல் நாட்டின் வாக்களிக்கும் வயது 18 ஆகக் குறைந்தது. இந்தியா அதைச் செய்ய மேலும் முப்பது ஆண்டுகள் ஆயின. முற்போக்கான அந்தத் திருத்தம் வந்தபோதும் மலையகத்தில் எண்பது வயதுக் கிழவிக்கு வாக்கு இல்லை.

1964 அக்டோபரில் இலங்கைப் பிரதமர் சிறிமாவோ பண்டாரநாயக்கவும் இந்தியப் பிரதமர் லால் பகதூர் சாஸ்திரியும் ஓர் ஒப்பந்தம் செய்தார்கள். நாடற்றவர் 9,75,000 பேர். 5,25,000 பேரை இந்தியா ஏற்கும், 3,00,000 பேரை இலங்கை ஏற்கும். மீதி 1,50,000 பேர் 1974இல் பாதிபாதியாகப் பிரிக்கப்பட்டார்கள். சம்பந்தப்பட்ட மக்களிடம் யாரும் கருத்துக் கேட்கவில்லை. தலைமன்னாரில் கப்பலேறி, மண்டபம் முகாம் வழியாக, பார்த்தேயிராத 'தாயகத்துக்கு' வந்தவர்கள் நீலகிரியிலும் பிற மாவட்டங்களிலும் குடியேறினார்கள். கூடலூர், கோத்தகிரிப் பக்கம் அரசுத் தேயிலைத் தோட்டங்களே அவர்களுக்காக உருவாக்கப்பட்டன. 1984இல் கப்பல் நின்றது. போக வேண்டியவர்களில் பலர் போகாமலே இங்கும் அங்கும் இல்லாதவர்களாக நின்றுவிட்டார்கள்.

உரிமை திரும்பி வந்த விதம் கவனிக்கத்தக்கது. 1977இல் நுவரெலியா - மஸ்கெலியா பல அங்கத்தவர் தொகுதியில் தொண்டமான் மூன்றாம் உறுப்பினராக வென்றார். முப்பது ஆண்டுகளுக்குப் பிறகு மலையகத் தமிழரின் வாக்கில் ஒருவர் பாராளுமன்றம் போனார். 1986 ஜனவரியில் தொண்டமானின் இலங்கைத் தொழிலாளர் காங்கிரஸ் வேலையை நிறுத்திப் பிரார்த்தனை இயக்கம் நடத்தியது. அதே ஆண்டு நாடற்றவர்களுக்குக் குடியுரிமை வழங்கும் ஒரு சட்டம் வந்தது. 1988இல், ஜனாதிபதித் தேர்தல் நெருங்கிய வேளையில், இன்னொரு சட்டம்: இந்தியக் குடியுரிமைக்கு விண்ணப்பிக்காதவர் சத்தியக் கடதாசி ஒன்றைக் காட்டினால் போதும் என்றது. பூட்டனின் பிறப்பைக் கேட்ட அரசு, தேர்தல் நெருங்கியதும் ஒரு தாளோடு திருப்தி அடைந்தது. கிடைத்த சில வாக்குகளைக் கொண்டே கிடைக்காதவற்றை மீட்டார்கள். 2003ஆம் ஆண்டின் 35ஆம் இலக்கச் சட்டம் மிச்சம் இருந்தவர்களுக்கும் வழி திறந்தது. அந்த ஆண்டின் இறுதியில் ஐ.நா. அகதிகள் நிறுவனத்தின் உதவியோடு தோட்டந்தோறும் முகாம் போட்டபோது, பத்து நாட்களில் ஏறத்தாழ 1,90,000 பேர் குடியுரிமை பெற்றார்கள். ஐம்பத்தைந்து ஆண்டு வழக்கை முடிக்கப் பத்து நாள் போதுமாயிருந்தது.

ஒரு பகுதி மட்டும் இன்னும் முடியவில்லை, அது தமிழ்நாட்டில் இருக்கிறது. 1983க்குப் பின் கலவரத்துக்கும் போருக்கும் தப்பி வந்து முகாம்களில் வாழ்பவர்களில், மலையக வழியினர் சுமார் 29,500 பேர் என்று சொல்லப்படுகிறது. இவர்களில் பலர் சாஸ்திரி ஒப்பந்தப்படி இந்தியா ஏற்றிருக்க வேண்டியவர்கள், அல்லது அவர்களின் பிள்ளைகள். 2019 ஜூனில் சென்னை உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை, இத்தகையவர்களின் குடியுரிமை விண்ணப்பங்களைப் பரிசீலிக்குமாறு மத்திய அரசுக்கு உத்தரவிட்டது. 1987 ஜூலை 1க்கு முன் இந்திய மண்ணில் பிறந்தவர் பிறப்பாலேயே இந்தியர் என்ற விதியும் இருக்கிறது; முகாமில் வாழும் ஒருவர் நீதிமன்றத்தின் துணையோடு அதை நிலைநாட்டி 2024 மக்களவைத் தேர்தலில் வாக்களித்தார். ஒவ்வொருவரும் தனித்தனியே நீதிமன்றப் படி ஏற வேண்டும் என்பது, 1949இல் கொழும்பு செய்த அதே வேலையை வேறோர் ஊரில் தொடர்வதாகும்.

இந்த அவையில் இருக்கும் சட்ட மாணவர்களிடமும் ஆசிரியர்களிடமும் ஒரு வேண்டுகோள். உங்கள் மாவட்டத்தில் இருக்கும் முகாமுக்குப் போங்கள். மலையக வழியினர் யார், அவர்களில் 1987 ஜூலைக்கு முன் இங்கே பிறந்தவர் யார், பெற்றோரின் தோட்டப் பதிவோ பழைய கடவுச்சீட்டோ யாரிடம் இருக்கிறது என்று விசாரித்து, அவர்களின் விண்ணப்பங்களை எழுதிக் கொடுங்கள். உங்கள் நாடாளுமன்ற உறுப்பினரிடம் இதைப் பற்றிக் கேளுங்கள். அவரிடம் கேட்பதற்கு முகாமில் இருப்பவருக்கு வாக்கு இல்லை, உங்களுக்கு இருக்கிறது.